பண்டுகப்பா

எங்கள் சபையில் பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், பண்ணுகிறவர்கள் சேவல் தருவார்கள். கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் ஆட்டுக்கிடா. இல்லாதவர்கள் பூசணிக்காய், வாழைத்தார், ஒரு படி புது அரிசி. அறுப்பின் பண்டிகை அன்றைக்கு எல்லாவற்றையும் கோயில் மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டால் பொருத்தனை தீர்ந்தது. ஆராதனை முடிந்ததும் ஏலம் போட்டு எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடுவோம். காலங்காலமாக இதுதான் முறை. என் வீட்டுக்காரர் மட்டும் மீன் என்று சொல்லிவிட்டார். அதுவும் கடல் மீன். அதுவும் தன் கையால், தன் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தூண்டிலில், ஈ கட்டிப் பிடித்த மீன். சித்தூரில் உட்கார்ந்துகொண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வேலூரில் எனக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தபோது, தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பண்ணிய பொருத்தனை அது. மூன்றாம் நாள், நான் கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தேறியதும் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு சேவக்கோழின்னு சொல்லி இருக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அந்த நேரத்துல கோழி ஞாபகத்துக்கு வரல. தம்பி குடுத்த தூண்டில்தான் கண்ணு முன்னால நின்னுது."

"கடல் எங்க கீதுன்னாவது ஞாபகம் வந்துதா?"

கஞ்சி டம்ளரை என்னிடம் நீட்டினார். சிரிக்காதீர்கள், தையல் இழுக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சிரித்தேன், இழுத்தது.

நான் கணக்கு டீச்சர். என் உயிருக்கும் ஒரு மீனுக்கும் சமன்பாடு போட என்னால் முடியாது. ஆனால் அவர் ரேணிகுண்டாவில் ரயில்வே வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு நட்டை முடுக்கவில்லையென்றால் எங்கேயோ ஒரு வண்டி கவிழும் என்று முப்பத்தைந்து வருஷம் பயந்தே வாழ்ந்த மனிதர். பொருத்தனை பாக்கி இருக்கிறது, வருஷா வருஷம் எனக்கு ஸ்கேன் இருக்கிறது, இரண்டும் அவர் மனசில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. டாக்டர் வேறு மூன்றாவது வருஷத்து ஸ்கேன்தான் முக்கியம், அதில் தப்பித்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி என்று சொல்லிவைத்தார். பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதான் விழ வேண்டும் என்று டாக்டருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

இந்த ஈத் தூண்டில் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த தூண்டிலில் ஈயக் குண்டு கனம். அதை வீசினால் நரம்பு பின்னால் போகும். இதில் குண்டே கிடையாது. நரம்புதான் கனம். கோழி இறகும் ஆட்டு மயிரும் சேர்த்துக் கொக்கியில் கட்டிய ஒரு சின்னப் பொய்ப் பூச்சி அதன் நுனியில் இருக்கும். தடித்த நரம்பை முன்னும் பின்னும் காற்றில் ஆட்டி ஆட்டி விட்டால், அது வளைந்து வளைந்து போய், நுனியில் இருக்கிற பூச்சி தண்ணீரில் மெல்ல உட்கார வேண்டும். உட்கார வேண்டும் என்பது தம்பி அனுப்பிய வீடியோவில். எங்கள் கோயில் மைதானத்தில் அது வேப்பமரத்தில் உட்கார்ந்தது, பாஸ்டர் அம்மா காயப்போட்ட போர்வையில் உட்கார்ந்தது, ஒரு தடவை என் கொண்டையில் உட்கார்ந்தது.

பெயரும் ஒரு தொல்லை. சபையில் ஆளாளுக்குக் கேட்பார்கள். "இன்னா போட்டுப் புடிப்பீங்க?" "ஈ." "மீனு ஈய துன்னுமா?" "நெஜ ஈ இல்ல, எறா மாதிரி இருக்கும்." "அப்ப எறான்னு சொல்றதுதான?" அவர் மஸ்கட், நியூசிலாந்து என்று ஆரம்பிப்பார். கேட்டவர் அதற்குள் காபிக்குப் போயிருப்பார்.

ஆனால் பூச்சி கட்டுவதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு வால் குறைந்துகொண்டே வந்தது. நகரியில் தறி போட்டிருக்கிற அவருடைய சிநேகிதர், பாவில் மிஞ்சுகிற ஜரிகைத் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அந்த சிநேகிதர் முருகன் மலைக்கு மாலை போடுகிறவர், மீன் வாசனையே ஆகாது. "மீனுக்குப் பட்டுச்சேலை கட்டி அனுப்பறீங்க, அது வராம எங்க போவும்" என்று மட்டும் சொல்லுவார். அது வராமல்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜில்லாவைப் பிரித்தபோது சித்தூருக்கு மாம்பழமும் கருங்கல்லும் வந்தன. திருப்பதிக்குச் சாமியும் சமுத்திரமும் போய்விட்டன. ஆகவே மீன் பிடிக்க நாங்கள் பக்கத்து ஜில்லாவுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பழைய காரில் கிளம்பி, பாகாலா தாண்டி, திருப்பதி தாண்டி, ரேணிகுண்டா வரும்போது அவர் தன் பழைய வேலையிடத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, நாயுடுபேட்டையில் ஒரு லாட்ஜில் தங்கி, விடிந்ததும் கடற்கரை. நாங்கள் போகிற இடம் ஒரு கழிமுகம். உப்பங்கழி வளைந்து வந்து கடலில் சேருகிற இடம். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் முழங்கால் ஆழச் சேறு. மழைக்கு முன்னால் மணல் மூடி வாய் அடைந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உடைத்துக்கொண்டு, தை பிறந்ததும் கழித் தண்ணீர் தெளியும். அப்போதுதான் மீன் உள்ளே ஏறும். பத்து மணிக்குமேல் தண்ணீர் குளிக்க வெந்நீர் விளாவின மாதிரி ஆகிவிடும், மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விடும். பதினொரு மணிக்குக் கடல்காற்று ஏறினால் வீசிய நரம்பு வீசினவர் முகத்துக்கே திரும்பி வரும். ஆக, விடிந்ததிலிருந்து காற்று ஏறுகிறவரை, அதிலும் தண்ணீர் வற்ற ஆரம்பிக்கிற ஒரு மணி நேரம். அவ்வளவுதான் மனிதனுக்குக் கொடுத்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று வருஷமாக நான்தான் கூடப் போகிறேன். வலது பக்கம் ஆபரேஷன். அக்குளில் இருந்த முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக்கூடாது, தூக்கினால் நீர் கோத்து வீங்கிவிடும். கரும்பலகையில் எழுதுகிற கை அது. வீட்டில் ஒரு குடம் தண்ணீர்கூட என்னை எடுக்கவிட மாட்டார். கடற்கரையில் எனக்கு வேலை, அவருடைய தொப்பியையும் தண்ணீர் பாட்டிலையும் இடது கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பதும், கிண்டல் பண்ணுவதும். இரண்டாவது வேலையைக் குறைவில்லாமல் செய்தேன்.

அங்கே எங்களுக்கு ஒரு படகுக்காரர் பழக்கம். தெலுங்குக்காரர், ஐம்பது வயசிருக்கும், வீச்சுவலை போடுகிறவர். முதல் நாள் என் வீட்டுக்காரர் அவரிடம் போய்ப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது, "ஈ" என்றார். தெலுங்கில் ஈ என்றால் 'இந்த'. படகுக்காரர் 'இந்த...' என்ன என்று மீதி வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டே நின்றார். இவர் மறுபடியும் "ஈ" என்றார். அவர் தலையை ஆட்டி, "ஈ?" என்றார். நான் தலையிட்டுச் சொல்லாவிட்டால் இன்றைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றிருப்பார்கள்.

சித்தூர்க்காரர்களுக்குத் தெலுங்கு தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு சொல்லித் தருவதே தெலுங்கில்தான். ஆனால் எங்களுடையது மேட்டுநிலத் தெலுங்கு. வெதுருகுப்பத்துக் கரும்பைப் பற்றியும் மண்டல ஆபீஸ் சர்டிபிகேட்டைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசுவோம். கடல் வார்த்தை ஒன்றும் தெரியாது. முதல் வருஷம் ஒரு நாள் படகுக்காரர் தூரத்திலிருந்து, "போட்டு ஒஸ்தோந்தி சார்" என்று கத்தினார். போட்டு வருகிறது. எங்கள் வாயில் போட்டு என்றால் படகு. சரி, படகு வருகிறது, ஏறிக்கொள்ளலாம் என்று இவர் முழங்கால் தண்ணீரில் நிம்மதியாக நின்றார். படகு வரவில்லை. தண்ணீர்தான் வந்தது, தொடைக்கு, இடுப்புக்கு. போட்டு என்றால் அவர்களுக்குக் கடல் ஏறி வருவது. இவர் சட்டைப்பையில் இருந்த போன் அன்றைக்குச் செத்தது. கரையேறியதும், "படகுன்னுதான சொன்னான்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நானும் படகு என்றுதான் நினைத்தேன் என்பதை அப்போது சொல்லவில்லை.

இரண்டு வருஷத்தில் அவர் பிடித்தவை: கிழிந்த வலைத்துண்டு ஒன்று, ஒற்றைச் செருப்பு ஒன்று, கொக்கியில் தானாக வந்து தொங்கிய நண்டு ஒன்று, என் புடவைத் தலைப்பு இரண்டு தடவை. நண்டு மீனாகுமா என்று பாஸ்டரிடம் கேட்டார். ஆகாது என்று பாஸ்டர் சொன்னார். அந்த வருஷம் பாஸ்டர், வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் திரும்பின ஆட்களைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியபோது சபை மொத்தமும் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. தண்ணீரைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று படகுக்காரரே சொல்லுவார். நிறத்தைப் பார்த்து, அந்தத் திருப்பத்தில் மடவை நிற்கிறது, மடவைக்குப் பின்னால் பெரியது நிற்கும் என்பார். படகுக்காரர் அங்கே வலையை விடுவார், துள்ளத் துள்ள எடுப்பார். அதே இடத்தில் இவர் பூச்சியை விட்டால் ஒன்றும் இருக்காது. "தியரி ஃபர்ஸ்ட் கிளாஸ், பிராக்டிகல் ஃபெயில்" என்று நான் சொல்லுவேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நரம்பைச் சுருட்டிக்கொண்டே, "பாக்கலாம், பாக்கலாம்" என்பார்.

மூன்றாவது வருஷம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை, செவ்வாய்க்கிழமை வேலூரில் ஸ்கேன். அதற்கு முந்தின சனிக்கிழமை கழிமுகத்தில் நிற்கிறோம். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை. நானும்தான். எனக்கு நம்பிக்கை இல்லை, கணக்கு டீச்சர் என்றெல்லாம் மேலே எழுதிவிட்டேன். ஸ்கேன் நெருங்கினால் எனக்கும் அந்தக் கணக்கெல்லாம் உதவாது. ஆகையால் வழக்கத்தைவிட அதிகமாகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கி செருப்போட ஜோடியாவது கெடைக்குதான்னு பாருங்க" என்றேன்.

தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. காற்று இல்லை. அவர் வீசினார். நன்றாகவே வீசினார், மூன்று வருஷம் வீசினால் கல்லும் வீசும். பூச்சி சேற்று ஓரமாக விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை இழுத்தார். எதிர்ப்பக்கம் படகின் நுனியில் வலையோடு நின்றிருந்த படகுக்காரர் திடீரென்று கையை நீட்டிக் கத்தினார்.

"பண்டுகப்பா! சார், பண்டுகப்பா!"

எங்கள் பக்கத்துத் தெலுங்கில் எதற்கும் ஒரு அப்பா போடாமல் பேச மாட்டோம். ஏமப்பா, ராப்பா, போப்பா. பண்டக என்றால் பண்டிகை. பண்டக அப்பா. பண்டிகையப்பா என்கிறார் மனிதர். என் வீட்டுக்காரர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நாளைக்கு எங்கள் கோயிலில் பண்டிகை என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கும் ஆச்சரியம். இவர் தூண்டில் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திரும்பி நின்று, இரண்டு கையையும் கூப்பி, "அவுனப்பா, ரேப்பே பண்டக! நுவ்வு கூட ராப்பா!" என்றார். ஆமாம், நாளைக்குத்தான் பண்டிகை, நீயும் வா என்று அழைப்பு வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது பின்னால் தண்ணீர் உடைந்தது. பெரிய பானையைக் கிணற்றில் போட்ட மாதிரி ஒரு சத்தம். கம்பு அவர் அக்குளிலிருந்து உருவிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துப் போனது. நான் தொப்பியையும் பாட்டிலையும் போட்டுவிட்டுப் பாய்ந்து கம்பைப் பிடித்தேன். யோசித்துப் பிடிக்கவில்லை. வலது கையால் பிடித்துவிட்டேன்.

ரீல் கத்தியது. நரம்பு விரலை அறுத்தது. கழியின் நடுவில் ஒரு மீன் முழு உடம்பும் வெளியே வந்து தலையை உதறியது. வெள்ளி மாதிரி, வாயைத் திறந்துகொண்டு. படகுக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து, "வதலொத்தம்மா, வதலொத்தம்மா," விடாதே விடாதே என்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், "உட்டுடு, உட்டுடு, கை வீங்கிடும்" என்கிறார். முப்பது வருஷமாக டீச்சராக இருக்கிறேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எனக்குத் தோன்றியதைச் செய்வேன். விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓடினால் ஓடவிட்டேன், நின்றால் சுற்றினேன். மூன்று வருஷம் பின்னால் நின்று பார்த்ததில் எனக்கே தெரியாமல் படித்திருக்கிறேன். கடைசியில் படகுக்காரர் படகைத் தள்ளிக்கொண்டு வந்து, செவுளில் கைவிட்டு மீனைத் தூக்கிச் சேற்றுக் கரையில் போட்டார். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்துப் பார்த்தால் அதற்குமேலும் நாலு விரல்கடை இருந்தது. கொடுவா.

"பண்டுகப்பா" என்றார் படகுக்காரர், மீனைக் காட்டி.

"ரேப்பு" என்றார் இவர். நாளைக்கு.

படகுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொறுமையாக, மண்டல ஆபீஸில் படிக்காதவனுக்குச் சொல்லுகிற மாதிரி, இந்த மீனுடைய பெயரே பண்டுகப்பாதான் என்று சொன்னார். கடற்கரை ஓரத்தில் கொடுவாவுக்கு அதுதான் பெயராம். மீன் பூச்சிக்குப் பின்னால் வருவதைப் பார்த்து அவர் எச்சரிக்கை பண்ணியிருக்கிறார். இவர் அவரைப் பண்டிகைக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் சேற்றில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கை வலித்தது, அதோடு சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மீனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் வாயிலிருந்து கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"உட்டுடலாம்" என்றார்.

"இன்னாது?"

"நான் புடிக்கலியே. என் கையாலன்னு சொன்னது. இது சேராது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று வருஷம். "கல்யாணத்தன்னிக்கி பாஸ்டர் இன்னா சொன்னாரு? ரெண்டு பேரும் இனிமே ஒரே ஒடம்புன்னு சொன்னாரா இல்லியா? அப்ப இது யார் கை? பக்கத்து ஊட்டுக்காரி கையா? நாளைக்கி மேசமேல வெக்கிறோம், பொருத்தனை தீருது, அவ்ளோதான்."

"அதான்" என்றார்.

"எதான்?"

அவர் மீனைப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்கவில்லை. "தீந்துபோச்சின்னா அப்பறம் எதுக்கோசரம் உன்ன இங்க விட்டு வெக்கணும்? நான் சொன்னத இன்னும் குடுக்கல. குடுக்காதவரிக்கும் ஆண்டவரு காத்துக்கினு கீறாரு, உன் மேல கை வெக்க மாட்டாரு. அப்டித்தான் நான் நெனச்சிக்கினு கீறேன். போன வருஷம் ரெண்டு தபா கடிச்சிது. கம்ப எறக்கி நரம்ப தளத்தி உட்டேன், பூடுச்சி. நீ என் தொப்பிய வெச்சிக்கினு வேற பக்கம் பாத்துக்கினு இருந்த."

கடவுளைப் பற்றி இதைவிட மோசமான ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்புப் பையன் போட்டிருந்தால் பெஞ்சுமேல் நிற்க வைத்திருப்பேன். ஒவ்வொரு வரியாக எடுத்துத் தப்பு காட்ட என்னால் முடியும். ஆனால் இந்த மனிதர் மூன்று வருஷமாக விடியுமுன்னே எழுந்து, இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, சபையே சிரிக்க, நானும் சிரிக்க, மீன் பிடிக்காமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறார். நான் தியரி, பிராக்டிகல் என்று பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது, முப்பத்திரண்டு வருஷத்தில் வந்ததில்லை. அழுகை வந்தது, அழுதேன். படகுக்காரர் கௌரவமாக அந்தப் பக்கம் திரும்பி வலையை உதறினார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது எனக்கு வழி தெரிந்தது.

"நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன். "இது என் கை. ஆபரேஷன் பண்ண கை, வலிக்கிது பாருங்க, உங்களுக்கா வலிக்கிது? மீனு என்னுது. என் பேர்ல வெக்கிறேன். உங்குளுது உங்குளுது. அது அப்டியே கீது."

நிமிர்ந்து பார்த்தார். "ஒரே ஒடம்புன்னு சொன்ன?"

"அது சோறு துன்றப்போ. மீன் புடிக்கிறப்போ தனித்தனி."

அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் காரிலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காய்க்கும் சேவல்களுக்கும் நடுவில் கொடுவாவை வாழையிலைமேல் வைத்தேன். கோயிலே எழுந்து வந்து பார்த்தது. பாஸ்டர் காணிக்கைகளை வாசித்துக்கொண்டே வந்து, "டீச்சரம்மா, கொடுவா மீன்" என்று நிறுத்தி, கண்ணாடிக்குமேல் எங்கள் பெஞ்சைப் பார்த்தார். "ஐயா பேருல இல்லீங்களா?"

"இல்லீங்க பாஸ்டர்" என்று நானே எழுந்து உரக்கச் சொன்னேன். "அவரு ஆள கூப்ட்டு பண்டிகைக்கி அழைப்பு வெச்சிக்கினு இருந்தாரு. நான்தான் புடிச்சேன்."

"அப்ப ஐயாவுது?"

"இன்னும் கெடைக்கலங்க" என்றார் என் வீட்டுக்காரர். சபை மொத்தமும் சிரித்தது. பின் பெஞ்சில் யாரோ, ஒரு சேவலாவது வாங்கி வெச்சிடுங்க ஐயா என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது, முகம் முழுக்கச் சந்தோஷம். ஒரு மனிதன் இவ்வளவு பேர் நடுவில் மானம் போய் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் கையை டேப் வைத்து அளந்து, போன தடவையைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கிறதே, என்ன தூக்கினீர்கள் என்று கேட்டார். மீன் என்றேன். மார்க்கெட்டில் வெட்டி வாங்கக்கூடாதா என்று திட்டி, வீக்கம் வடிய கையில் இறுக்கமான ஒரு உறையை மாட்டிவிட்டு அனுப்பினார். அடுத்த ஸ்கேன் ஒரு வருஷம் கழித்து.

கை சரியாகிறவரை என்னைக் கூட்டிப்போக மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தனியாகக் கிளம்பினார். புதுசாக நாலு பூச்சி கட்டியிருந்தார், பக்கத்து வீட்டுச் சேவலுக்கு வாலில் இனி ஒன்றும் மிச்சமில்லை. காரில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஏதாவது சொல்லப் போகிறேனா என்று பார்த்தார். மூன்று வருஷமாகக் கிளம்புகிற நேரத்தில் ஒரு கிண்டல் இருக்கும், அதைக் கேட்காமல் அவருக்கு வண்டி நகராது.

கிட்டே போய் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"வெறுங்கையோட வந்து சேருங்க."